காட்டுக் கிழங்குக்கு நாம் பட்ட கடன்

2025 பிப்ரவரியில் இரண்டு செய்திகள் வெளியாயின. அமெரிக்க வேளாண் துறையில் நடந்த ஆட்குறைப்பில், பயிர்களின் விதைகளையும் கிழங்குகளையும் பல தலைமுறைகளாகப் பேணிவரும் தேசியத் தாவர மரபுவளத் தொகுப்பின் ஊழியர்கள் பலர் வேலையிழந்தனர் என்பது முதல் செய்தி. தகுதிகாண் பருவத்தில் இருந்த அவர்களில் பலர், எதிர்ப்புக்கும் வழக்குகளுக்கும் பிறகு திரும்ப அழைக்கப்பட்டனர். அதே மாதம் 25-ஆம் தேதி ரோம் நகரில் ஐ.நா. பல்லுயிர் மாநாட்டின் தொடர் அமர்வையொட்டி 'காலி நிதியம்' தொடங்கிவைக்கப்பட்டது என்பது இரண்டாவது. கொலம்பியா நாட்டின் காலி நகரில் 2024-இல் எடுக்கப்பட்ட முடிவின்படி உருவானதால் அந்தப் பெயர். அந்தப் பெயருக்குத் தமிழில் உள்ள பொருள் பலித்துவிடக் கூடாதே என்ற கவலை இயல்பாகவே எழுகிறது.

ஒரு செய்தி விதைக் காப்பகங்களைப் பற்றியது. மற்றொன்று இயற்கையின் மரபு வளத்தால் இலாபம் ஈட்டுவோர் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றியது. இரண்டுமே நம் வீட்டுச் சமையலறையைத் தொடுபவை. அதைப் புரிந்துகொள்ள, பெரும்பாலோர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு காட்டுச் செடியின் வரலாற்றைப் பார்த்தால் போதும்.

ஈர மலைக்காட்டின் நிழலில்

அந்தச் செடியின் அறிவியல் பெயர் சொலானம் டெமிசம். கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவையும், நாம் மருந்தாகவும் உணவாகவும் போற்றும் தூதுவளை, மணத்தக்காளி, சுண்டை ஆகியவையும் சேர்ந்த அதே கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இன்னும் நெருக்கமாகச் சொன்னால், உருளைக்கிழங்கின் காட்டு உறவினம். மத்திய மெக்சிகோவின் எரிமலைச் சரிவுகள் தொடங்கி குவாத்தமாலா வரையிலான உயர்ந்த மலைகளில், பெரும்பாலும் 2,600 மீட்டருக்கு மேல், பைன் மரங்களும் 'ஓயாமெல்' எனப்படும் ஊசியிலை மரங்களும் நிறைந்த ஈரக் காடுகளில் வளர்கிறது.

லத்தீனில் 'டெமிசம்' என்றால் தாழ்ந்தது என்று பொருள். பெயருக்கேற்பத் தரையோடு படர்ந்தாற்போல இலைகளை விரித்து, மழைக்காலத்தில் ஊதா நிறத்தில் பூக்கிறது. பின்பு மேற்பகுதி மடிந்துபோக, மண்ணுக்குள் மிகச் சிறிய கிழங்குகள் மட்டும் எஞ்சி அடுத்த மழைக்குக் காத்திருக்கின்றன. சந்தையில் இந்தக் கிழங்குக்கு விலை இல்லை. இதே வகைக் காடுகளில் குளிர்காலத்தைக் கழிக்க வட அமெரிக்காவிலிருந்து கோடிக்கணக்கான மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் வருகின்றன. மரக்கிளைகளில் அவை அடையாகத் தொங்கும் காட்சியை அண்ணாந்து பார்க்க உலகெங்கிலுமிருந்து மக்கள் செல்கிறார்கள். காலடியில் கிடக்கும் கிழங்குச் செடியை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

அயர்லாந்து முதல் உதகை வரை

1845-இல் உருளைக்கிழங்கின் பின்பருவக் கருகல் நோய் ஐரோப்பாவில் பரவியது. இலையில் கருமையான திட்டுகளாகத் தொடங்கும் இந்நோய், குளிர்ந்த ஈரக் காற்றில் சில நாள்களிலேயே ஒரு வயலை அழுகிய குப்பையாக்கிவிடும். கிழங்கையே முதன்மை உணவாகக் கொண்டிருந்த, அதுவும் பெரிதும் ஒரே ரகத்தை நம்பியிருந்த அயர்லாந்தின் ஏழை மக்களுக்கு அது பேரிடியாக விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பசியாலும் பசி கொண்டுவந்த நோய்களாலும் இறந்தனர். அதைவிட அதிகமானோர் நாட்டைவிட்டு வெளியேறினர். ஆங்கிலேய அரசின் அலட்சியம் அந்தப் பஞ்சத்தைப் பெரும்பஞ்சமாக்கியது என்பதை வரலாறு பதிவு செய்திருக்கிறது.

நோயின் காரணத்தை ஆராய பிரிட்டிஷ் அரசு அமைத்த அறிவியல் குழுவில் ஜான் லிண்ட்லி என்ற தாவரவியலாளர் இருந்தார். மிகையான ஈரமே கிழங்கை அழுகச் செய்கிறது என்று அவர் தவறாகக் கருதினார். உண்மையில் காரணம், பூஞ்சையைப் போலத் தோன்றும் ஒரு நுண்ணுயிர். பின்னாளில் அதற்குத் 'தாவர அழிப்பான்' என்று பொருள்படும் ஃபைட்டோப்தோரா என்ற பெயர் சூட்டப்பட்டது. பஞ்சம் இன்னும் முடிந்திராத 1848-இல், மெக்சிகோவின் காட்டு உருளை ஒன்றை அறிவியல் உலகுக்கு விவரித்துப் பெயரிட்டவர் அதே லிண்ட்லிதான். அந்தச் செடிதான் சொலானம் டெமிசம். அதன் மரபில் என்ன இருந்தது என்பது தெரியவர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெட்கிளிஃப் சாலமன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தம் தோட்டத்தில் வளர்த்த உருளைகளில், டெமிசம் கலப்புள்ள செடிகள் கருகல் நோயைத் தாங்கி நிற்பதைக் கண்டார். பின்னர் ஜெர்மனி, ஸ்காட்லாந்து, அமெரிக்கா, சோவியத் ரஷ்யா எனப் பல நாட்டு ஆய்வாளர்களும் இதில் இறங்கினர். சாகுபடி உருளையில் 48 குரோமோசோம்களும் டெமிசத்தில் 72 குரோமோசோம்களும் இருப்பதால் இரண்டையும் கலப்பது எளிதல்ல. மீண்டும் மீண்டும் கலந்து, காட்டுச் செடியின் எதிர்ப்புத்திறனை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்ற குணங்களைக் களைந்தார்கள். இப்படிக் கண்டறியப்பட்ட எதிர்ப்பு மரபணுக்களுக்கு ஆர்1 முதல் ஆர்11 வரை பெயரிடப்பட்டது.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் இடம் உண்டு. இந்தியாவில் கருகல் நோய் முதலில் பதிவானதே நீலகிரியில்தான், 1870-க்கும் 1880-க்கும் இடையில். மூடுபனியும் இரு பருவமழையும் உள்ள மலை, அந்த நோய்க்குத் தாய்வீடு போன்றது. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1968-இல் வெளியிட்ட 'குஃப்ரி ஜோதி' ரகம், டெமிசம் வழிவந்த எதிர்ப்புத்திறனுடன் நாடெங்கும் பரவியது. அந்நிறுவனத்தின் உதகை நிலையம், கருகல் நோயோடு நூற்புழுத் தாக்குதலையும் தாங்கும் 'குஃப்ரி ஸ்வர்ணா' போன்ற ரகங்களை நீலகிரிக்கென்றே உருவாக்கியது. மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலம்போகும் உதகைக் கிழங்கின் மூட்டைக்குப் பின்னால், அமெரிக்கக் கண்டத்து மலைகளின் காட்டுச் செடிகளும் நிற்கின்றன. உருளைக்கிழங்கு உற்பத்தியில் இன்று உலகில் சீனாவுக்கு அடுத்த இடம் நமக்கு. ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கும் அதிகமாக விளைவிக்கிறோம்.

வென்ற மரபணுக்கள் தோற்றது ஏன்?

இங்கே ஒரு கேள்வி எழலாம். தேவையான மரபணுக்களை எடுத்துவிட்டோம். இனி அந்தச் செடி எங்கோ ஒரு காட்டில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இந்தக் கேள்விக்கு விடை, அந்த மரபணுக்களின் தோல்வியிலேயே இருக்கிறது.

ஆர்1 முதலான மரபணுக்களைத் தனித்தனியாகக் கொண்ட ரகங்கள் வயலுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, அவற்றை மீறும் திறன்பெற்ற நோய்க்கிருமிகள் தோன்றிவிட்டன. நோயை நிரந்தரமாக வென்றுவிட்டோம் என்ற நம்பிக்கை அந்த இடத்தில் குலைந்தது. குஃப்ரி ஜோதியின் எதிர்ப்புத்திறனும் காலப்போக்கில் மங்கியது. உழவர்கள் மீண்டும் பூஞ்சைக்கொல்லித் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள்.

இதன் காரணத்தை மெக்சிகோவே காட்டியது. ஜான் நீடர்ஹாசர் என்ற அறிவியலாளர் அந்நாட்டின் தொலூக்கா பள்ளத்தாக்கில் பல ஆண்டுகள் பணியாற்றினார். 1990-இல் உலக உணவுப் பரிசு பெற்றவர். உலகின் மற்ற பகுதிகளில் இந்நோய்க்கிருமியின் ஒரு பாலின வகை மட்டுமே இருந்த காலத்தில், தொலூக்காவில் இரு வகைகளும் இணைந்து புதிய புதிய வடிவங்களை உருவாக்கிக்கொண்டிருந்தது அங்கு நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. அந்த மலைகளில் செடியும் நோயும் மிக நீண்ட காலமாக ஒன்றையொன்று எதிர்த்து வாழ்ந்துவருகின்றன. கிருமி ஒரு புதிய வழியைக் கண்டால், செடிகளில் சில அதற்கொரு புதிய தடையை உருவாக்கிக்கொள்கின்றன. டெமிசத்தின் எதிர்ப்புத்திறன் முடிந்துபோன ஒரு கண்டுபிடிப்பு அல்ல. அது இன்றும் நடந்துகொண்டிருக்கும் போராட்டத்தின் விளைச்சல்.

அந்த இரண்டாம் பாலின வகை 1980-களில் மெக்சிகோவுக்கு வெளியேயும் கண்டறியப்பட்டது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென்னிந்தியாவின் தக்காளி வயல்களில் கருகல் நோய் கடுமையாகத் தாக்கியதற்கு, அந்த வகையைச் சேர்ந்த '13_ஏ2' என்ற மரபுவழியே காரணம் என ஆய்வுகள் காட்டின. கிருமி ஊர் ஊராகப் பயணம் செய்கிறது. தன்னை மாற்றிக்கொண்டும் இருக்கிறது. அதை எதிர்கொள்ளும் புதிய மரபணுக்களுக்கு நாம் மறுபடியும் காட்டுச் செடிகளிடம்தான் செல்ல வேண்டியிருக்கிறது. உகாண்டாவில் நடந்த கள ஆய்வுகளில், காட்டு உருளைகளிலிருந்து எடுத்த மூன்று மரபணுக்களை ஒருசேரக் கொண்ட கிழங்குச் செடிகள், பூஞ்சைக்கொல்லி ஏதும் இன்றியே நோயைத் தாங்கின. மரபணு மாற்றுப் பயிர்களை ஏற்பதா, மறுப்பதா என்பது தனி விவாதம். மரபுவழிக் கலப்பினமானாலும் மரபணு மாற்றமானாலும் மூலப்பொருள் காட்டிலிருந்தே வர வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இருக்க முடியாது.

வங்கி மட்டும் போதாது

மரபணு வங்கிகளின் அருமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. இரண்டாம் உலகப் போரின்போது லெனின்கிராட் நகரம் முற்றுகையிடப்பட்டிருந்த நாள்களில், வாவிலோவ் உருவாக்கிய விதைக் காப்பகத்தின் ஊழியர்கள் விதைகளையும் கிழங்குகளையும் உண்ணாமல் காத்து, தாங்கள் பட்டினியால் இறந்தனர். வாவிலோவோ, ஸ்டாலின் அரசின் சிறையில் 1943-இல் மடிந்தார். பெருவின் லிமாவிலும் ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவின் விஸ்கான்சினிலும் இன்று காட்டு உருளைகளின் தொகுப்புகள் இருக்கின்றன. அவற்றில் உள்ளவை வெறும் உறைந்த விதைகள் அல்ல. அவ்வப்போது முளைக்கவைத்து, புதிய விதை எடுத்து, நோய் தாக்காமல் காக்க வேண்டிய உயிர்கள். பயிற்சி பெற்ற கைகள் சில மாதங்கள் இல்லாமற்போனாலும் இழப்பு ஈடுசெய்ய முடியாததாகிவிடும். ஆட்குறைப்புச் செய்தி நம்மைக் கலங்கவைப்பது இதனால்தான்.

ஆயினும், வங்கியில் வைத்த விதைக்குள் காலம் நின்றுவிடுகிறது. அது சேகரிக்கப்பட்ட நாளில் இருந்த நோயை அறியும். அதன் பிறகு உருமாறிய நோயை அறியாது. புதிய கிருமியோடு மோதிப் புதிய எதிர்ப்பைப் பெறும் வாய்ப்பு, காட்டில் வாழும் செடிக்கு மட்டுமே உண்டு. வங்கிகளிலும் எல்லாம் சேர்ந்துவிடவில்லை. 81 பயிர்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்டு உறவினங்களை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வு, அவற்றில் ஏறத்தாழ 29 விழுக்காட்டின் ஒரு விதைகூட எந்த வங்கியிலும் இல்லை என்றது. மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் உள்ளடக்கிய பகுதியில் 224 காட்டு உறவினங்களை மதிப்பிட்டு 2021-இல் வெளியான ஆய்வு, அவற்றில் 35 விழுக்காடு அழிவு அபாயத்தில் இருப்பதாகக் கூறியது.

டெமிசம் இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் செடி அல்ல. பல மலைகளில் பரவியிருக்கிறது. ஆனால், ஒரு செடியினம் பிழைத்திருப்பது வேறு, அதன் பன்மை பிழைத்திருப்பது வேறு. ஒரு மலையில் உள்ள செடிகளிடம் இருக்கும் மரபணு, அடுத்த மலையில் உள்ளவற்றிடம் இல்லாமற்போகலாம். ஒரு சரிவு மொட்டையானால் எது போயிற்று என்பதைக்கூட நாம் அறியமாட்டோம்.

அந்தச் சரிவுகள் ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கின்றன. ஓயாமெல் மரங்களுக்கு ஏற்ற தட்பவெப்பம் கொண்ட பரப்பு, 2090-ஐ ஒட்டிய பத்தாண்டில் 96 விழுக்காடு வரை சுருங்கக்கூடும் என மெக்சிகோ அறிவியலாளர்கள் 2012-இல் கணித்தனர். வெப்பம் கூடக்கூட மலைச் செடிகள் மேல்நோக்கி நகரும். சிகரத்துக்கு மேல் நகர இடமில்லை. இதோடு மரக்கடத்தல், மிச்சோவகான் மாநிலத்தில் காடுகளுக்குள் நுழையும் அவகாடோ தோட்டங்கள், மேய்ச்சல், காட்டுத்தீ ஆகியவை சேர்கின்றன. 1936 முதல் தேசியப் பூங்காவாக இருந்த நெவாடோ டி தொலூக்கா எரிமலைப் பகுதியின் பாதுகாப்புத் தகுதி 2013-இல் ஒரு படி குறைக்கப்பட்டது. அதன் சரிவுகளில் காட்டை விழுங்கிய பயிர்களில் முதன்மையானது எது தெரியுமா? உருளைக்கிழங்கு. தன்னைக் காப்பாற்றிய உறவினத்தின் வீட்டையே அந்தப் பயிர் ஆக்கிரமித்துக்கொண்டிருக்கிறது.

இதற்காக அங்குள்ள உழவரைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. காட்டை விட்டுவைப்பதால் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. காட்டைத் திருத்திப் பயிரிட்டால் அந்த ஆண்டின் வயிற்றுப்பாடு தீரும். டெமிசத்தின் பயனை உலகம் முழுவதும் பெற்றிருக்கிறது. அதை வளர்த்துக் காக்கும் மலையில் வாழ்பவருக்கு அந்தப் பயனில் பங்கு வந்ததில்லை.

கடனை யார் அடைப்பது?

ஒரு காலத்தில் காட்டு மரபுவளம் மனிதகுலத்தின் பொதுச்சொத்தாகக் கருதப்பட்டது. எவரும் எங்கிருந்தும் எடுத்துச் செல்லலாம். 1992-இல் உருவான பல்லுயிர் உடன்படிக்கை, அந்தந்த நாட்டு வளம் அந்தந்த நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டது என்றது. 2014-இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை, வளத்தைப் பயன்படுத்துவோர் அனுமதி பெற வேண்டும், பலனைப் பகிர வேண்டும் என வரையறுத்தது.

சட்டம் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது, அறிவியல் வேறோர் இடத்துக்குப் போய்விட்டது. மெக்சிகோவின் மற்றொரு காட்டு உருளையான சொலானம் புல்போகாஸ்டானத்தின் கருகல் எதிர்ப்பு மரபணு 2003-இல் பிரித்தெடுக்கப்பட்டு, அதன் வரிசை வெளியிடப்பட்டது. அன்றிலிருந்து அந்த மரபணுவைப் பயன்படுத்த விரும்புபவருக்குச் செடி தேவையில்லை, விதை தேவையில்லை, மெக்சிகோவின் அனுமதியும் தேவையில்லை. கணினியில் உள்ள எழுத்து வரிசையே போதும். எல்லையைக் கடக்கும் பொருளுக்குத்தான் நெறிமுறை காவல் நிற்கிறது. தகவலுக்கு எல்லை இல்லை.

இந்த ஓட்டையை அடைக்கவே காலி நிதியம் உருவானது. இத்தகைய மரபு வரிசைத் தகவலால் பயன்பெறும் பெருநிறுவனங்கள், தங்கள் இலாபத்தில் 1 விழுக்காடு அல்லது வருவாயில் 0.1 விழுக்காட்டை இதற்கு அளிக்க வேண்டும் என்பது அளவுகோல். நிதியில் குறைந்தது பாதி, பழங்குடியினருக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் செல்ல வேண்டும். நோக்கம் நன்று. ஆனால், நிறுவனங்கள் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடன்பட்டவரே தவணையையும் தொகையையும் தீர்மானிக்கலாம் என்றால், கடன் கொடுத்தவர் கைக்கு எது வந்து சேரும்? அந்தந்த நாடுகள் தம் சட்டத்தின் வழியாக இதைக் கட்டாயமாக்கினால் ஒழிய, நிதியம் பெயரளவில் நின்றுவிடும். பயன்படுத்தும் நாடாகவும் வழங்கும் நாடாகவும் ஒருங்கே இருக்கும் இந்தியா, இதில் முன்னோடியாக இருக்க முடியும்.

நம் மலைகளில்

வழங்கும் நாடு என்று சொல்வது மிகையல்ல. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், சாகுபடிக் கரும்போடு வயல்வெளியில் தானாக வளர்ந்த காட்டுக் கரும்பைக் கலந்து உருவான 'கோ 205' ரகம் 1918-இல் வெளியாகி வட இந்தியக் கரும்புச் சாகுபடியையே மாற்றியது. 1970-களில் ஆசிய நெல் வயல்களைப் புல்குட்டை நச்சுயிரி நோய் சூறையாடியபோது, பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் வகைகளைச் சோதித்தது. எதிர்ப்புத்திறன் கிடைத்தது, உத்தரப் பிரதேசத்தில் சேகரிக்கப்பட்ட ஒரு காட்டு நெல்லில். அதன் வழிவந்த ஐ.ஆர்.36 கோடிக்கணக்கானோரின் சோற்றுப் பானையைக் காத்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் மிளகுக்கும் ஏலத்துக்கும் இஞ்சிக்கும் மாவுக்கும் காட்டு உறவினங்கள் இருக்கின்றன. கத்தரியின் காட்டு உறவினங்கள் நம் சாலையோரங்களிலேயே முள்ளோடு நிற்கின்றன. புலிக்கும் யானைக்கும் காப்பகம் அமைத்த நாடு இது. அந்த அக்கறை வேண்டியதே. ஆனால், நம் உணவின் மூதாதையர் எந்தக் காப்பகத்தில், எந்தச் சரிவில் இருக்கிறார்கள் என்ற கணக்கு வனத்துறையின் மேலாண்மைத் திட்டங்களில் இடம்பெற வேண்டாமா?

செய்ய வேண்டியவை பெரும்செலவு பிடிப்பவை அல்ல. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். அந்தப் பதிவேடுகளில் பயிர்களின் காட்டு உறவினங்களுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கலாம். அவை செறிந்துள்ள இடங்களை அடையாளம் கண்டு, காட்டில் இருந்தபடியே காக்கும் திட்டத்தை வனத்துறையும் வேளாண் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து வகுக்கலாம். அந்த இடங்களைக் காக்கும் பழங்குடி மக்களுக்குப் பலன் பகிர்வு நிதியிலிருந்து ஆண்டுதோறும் உறுதியான தொகை செல்ல வேண்டும். மரபணு வங்கிகளின் ஊழியர்களை, ஆட்சி மாறும்போதெல்லாம் வெட்டத்தக்க செலவினமாக எந்த நாடும் கருதக் கூடாது.

1845-இல் அயர்லாந்தின் உழவருக்குத் தம் கிழங்கைக் காக்கும் செடி உலகில் இருக்கிறது என்பதே தெரியாது. அவரைக் கேட்க முடியாது. நமக்கு அந்தச் செடியின் பெயர் தெரியும். அது வளரும் மலை தெரியும். அந்த மலைக்கு நேர்ந்துகொண்டிருப்பதும் தெரியும். அடுத்த பெருநோய் வரும் நாளில், தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கும் வாய்ப்பு நமக்கு இல்லை.